ரேடார் டிடெக்டரையும் திறன்பேசிச் செயலியையும் இணைத்து ஓட்டுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காவலர்கள் வேகத்தை அளக்கும் ரேடாரைக் கேட்டு ஓட்டுநரை எச்சரிக்கும் ரேடார் டிடெக்டர் என்ற கருவியை வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். கருவி வேலை செய்யாததால் அல்ல, அளவுக்கு மேல் வேலை செய்வதால்தான். கடைவாசலில் இருக்கும் தானியங்கிக் கதவுக்கும் அது கூவுகிறது, பக்கத்துத் தடத்தில் வரும் புதிய காருக்கும் கூவுகிறது, சாலையோரத்தில் போக்குவரத்தை எண்ணும் கருவிக்கும் கூவுகிறது; அவையும் காவலரின் ரேடாரைப் போன்ற அலைகளை அனுப்புவதே காரணம். ஓயாமல் கூவும் ஒன்றை நம் காது இரண்டு நாளில் ஒதுக்கிவிடும். பிறகு உண்மையான எச்சரிக்கை வரும்போதும் அது ஒதுக்கப்பட்ட ஒலியாகவே இருக்கும். திறன்பேசிச் செயலியை இதனுடன் இணைப்பதன் முதன்மையான பயன், பலர் நினைப்பதுபோல எச்சரிக்கைகளைக் கூட்டுவதல்ல, தேவையற்றவற்றைக் குறைப்பதே என்பது என் கருத்து. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த நோக்கத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

வாங்குவதற்கு முன் சட்டம்

இதே கருவி ஓர் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் சாதாரணக் கார் உபகரணமாகவும் அந்தப் பக்கம் பறிமுதலாகும் பொருளாகவும் இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் சொந்தக் கார்களில் இதைப் பயன்படுத்த அனுமதிக்கின்றன; வர்ஜீனியா மாநிலமும் தலைநகர் வாஷிங்டனும் அனுமதிப்பதில்லை; 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடை கொண்ட வணிக வாகனங்களுக்கு நாடு முழுவதும் தடை உண்டு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் ஆகிய மாகாணங்களில் இதற்கு இடமுண்டு. ஒன்டாரியோவிலோ கருவியை அணைத்துப் பையில் வைத்திருந்தாலும் அது காரில் இருப்பதே குற்றம். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களிலும், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலும் தடை இருக்கிறது.

செயலிக்குத் தனிச் சட்டம் இருக்கலாம் என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஜெர்மனியில் ஓட்டிச் செல்லும்போது வேகக் கேமராக்களைக் காட்டும் செயலியை இயக்குவதும் டிடெக்டரை இயக்குவதைப் போலவே விதிமீறலாகும். பிரான்சில் 2012 முதல் கேமரா இருக்கும் சரியான இடத்தைக் காட்டக் கூடாது என்பதால், அங்கே செயலிகள் அதற்குப் பதிலாக ‘ஆபத்துப் பகுதி’ ஒன்றைக் காட்டுகின்றன. ஊருக்குள் 300 மீட்டர், வெளிச்சாலையில் 2 கிலோமீட்டர், விரைவுச்சாலையில் 4 கிலோமீட்டர் என்று அந்தப் பகுதியின் நீளம் மாறும். ஆகவே கருவி, செயலி, முன்கண்ணாடியில் பொருள் ஒட்டுவது, ஓட்டும்போது திறன்பேசியைத் தொடுவது ஆகிய நான்கையும் நீங்கள் ஓட்டும் இடத்தின் விதிகளில் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லை கடக்கும் பயணமாக இருந்தால், போய்ச் சேரும் இடத்தை மட்டுமல்லாமல் வழியில் வரும் இடங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிடெக்டர் அலைகளைக் கேட்க மட்டுமே செய்கிறது. ரேடாரைக் குழப்புவதற்காகத் தானே அலைகளை அனுப்பும் ‘ஜாமர்’ வேறு பொருள். டிடெக்டரை அனுமதிக்கும் அமெரிக்காவிலும் ரேடார் ஜாமர் மத்தியச் சட்டப்படி குற்றமே. இரண்டையும் ஒரே விளம்பரத்தில் கலந்து விற்பவர்களிடமிருந்து விலகியிருப்பது நல்லது.

கருவி எதைக் கேட்கும், பேசி எதை அறியும்

காவலரின் ரேடார் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் நுண்ணலைகளை அனுப்புகிறது. அவை நகரும் காரில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் சற்றே மாறியிருக்கும். அந்த மாற்றத்திலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது. 24.15 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை நோக்கி 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஏறக்குறைய 4,470 ஹெர்ட்ஸ் மாற்றத்தை உண்டாக்கும். அலை காருக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருப்பதால், திரும்பி வரும்போது வலுவிழந்திருக்கும். டிடெக்டரோ ஒருவழியாக வரும் அலையை நேரடியாகக் கேட்கிறது. ரேடார் உங்களை அளப்பதற்கு முன்பே உங்கள் கருவி அதைக் கேட்டுவிட முடிவதற்கு இந்த வேறுபாடே காரணம். முன்னால் செல்லும் லாரியின் பின்பக்கத்திலும் சாலைப் பலகைகளிலும் பட்டுச் சிதறும் அலையும் இதற்கு உதவுகிறது. வளைவுக்கு அப்பால் இருக்கும் ரேடாரைக் கருவி உணர்வது இந்தச் சிதறலால்தான்.

எச்சரிக்கையில் வரும் எழுத்துகளைத் தெரிந்துகொள்வது அவசியம்; அவை ரேடார் இயங்கும் அதிர்வெண் பட்டைகளின், அதாவது பேண்டுகளின், பெயர்கள். எக்ஸ் பேண்ட் என்பது 10.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது, பழையது, இன்று பல இடங்களில் காவலர்கள் இதைக் கைவிட்டுவிட்டார்கள். கே பேண்ட் என்பது 24.05 முதல் 24.25 கிகாஹெர்ட்ஸ் வரை. கேஏ பேண்ட் 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரை பரந்திருந்தாலும், வட அமெரிக்கக் காவலர்களின் ரேடார்கள் பெரும்பாலும் 33.8, 34.7, 35.5 ஆகிய மூன்று இடங்களை ஒட்டியே இயங்குகின்றன. லேசர் என்று வருவது, காவலர்கள் வேகத்தை அளக்கப் பயன்படுத்தும், சுமார் 904 நானோமீட்டர் அலைநீளமுள்ள கண்ணுக்குத் தெரியாத ஒளி.

கருவியால் எந்த வகையிலும் கேட்க முடியாதவையும் உள்ளன. சாலைக்குள் பதித்த கம்பிச்சுருள் மூலம் வேகத்தை அளக்கும் கேமரா எந்த அலையையும் அனுப்புவதில்லை. இரு கேமராக்களுக்கு இடைப்பட்ட தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடந்தீர்கள் என்று பார்த்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறையிலும் டிடெக்டருக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. இங்கேதான் பேசி வருகிறது. ஜிபிஎஸ் மூலம் தான் இருக்கும் இடத்தை அறிந்து, நிலையான கேமராக்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, ‘இன்னும் 500 மீட்டரில் கேமரா’ என்று செயலியால் சொல்ல முடியும். (வேகக் கேமராவுக்கு முன்னோடியை உருவாக்கிய டச்சுக்காரர் மாரிஸ் கட்சோனிடிஸ் 1953-இல் மான்டி கார்லோ ராலியை வென்ற கார்ப் பந்தய வீரர் என்பதும், வளைவுகளில் தம் வேகத்தை அளந்து இன்னும் வேகமாக ஓட்டுவதற்காகவே அவர் அதைச் செய்தார் என்பதும் நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பை வரவழைக்கும் செய்தி.)

கருவிக்கும் செயலிக்கும் இடையே வேலை எப்படிப் பிரிகிறது என்பது வாங்கும் கருவியைப் பொறுத்தது. எஸ்கார்ட், கோப்ரா கருவிகளோடு டிரைவ் ஸ்மார்ட்டர் என்ற செயலி இணைகிறது. எஸ்கார்ட்டின் உயர்நிலைக் கருவிகளில் ஜிபிஎஸ் கருவிக்குள்ளேயே இருப்பதால், பேசி முக்கியமாகப் பிற ஓட்டுநர்களின் எச்சரிக்கைகளையும் சாலையின் வேக வரம்பையும் கொண்டுவருகிறது. 2020-இல் வந்த வாலன்டைன் ஒன் இரண்டாம் தலைமுறைக் கருவியில் புளூடூத் உண்டு, ஜிபிஎஸ் கிடையாது. ஆண்ட்ராய்டில் ஜேபிவி1, ஐபோனில் வி1டிரைவர் போன்ற செயலிகள்தாம் அதற்கு இட அறிவையும் நினைவாற்றலையும் தருகின்றன. கருவி காது, பேசி நினைவு என்று சொல்வது இந்த இரண்டாம் வகைக்கு அப்படியே பொருந்தும். புதிதாக வாங்குபவர் கருவியின் கேட்கும் திறனைப் பற்றி மட்டும் விசாரிக்காமல், அது எந்தச் செயலியோடு இணையும், அந்தச் செயலி தம் பேசியின் இயங்குதளத்தில் கிடைக்கிறதா, கட்டணச் சந்தா கேட்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருத்துதல்

வண்டி நிற்கும்போது, நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. கருவியின் முன்முகம் சாலையை நேராகவும் கிடைமட்டமாகவும் பார்க்க வேண்டும். வைப்பர் கம்பிக்கோ கண்ணாடியின் மேற்பகுதியில் இருக்கும் நிறப்பட்டைக்கோ பின்னால் அது மறையக் கூடாது. பின்பக்கமும் கேட்கும் கருவியாக இருந்தால், அதன் பின்முகத்துக்கும் காரின் பின்கண்ணாடிக்கும் இடையே இருக்கையின் தலைச்சாய்வு குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். உள்கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, ஓட்டுநரின் பார்வையை மறைக்காத இடம் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும். சில கார்களின் முன்கண்ணாடியில் உலோகப்பூச்சோ சூடேற்றும் மெல்லிய கம்பிகளோ இருக்கும். அவை நுண்ணலையைத் தடுத்துவிடும் என்பதால், உள்கண்ணாடியை ஒட்டிப் பூச்சில்லாமல் விட்டிருக்கும் சிறு சன்னலுக்குப் பின்னால் கருவியை வைக்க வேண்டியிருக்கும். அதே இடத்தில் காரின் ஓட்டுநர் உதவிக் கேமராவும் இருக்குமானால், அதன் பார்வையை மறைத்துவிடாதீர்கள்.

பேசியைத் தனித் தாங்கியில், காற்றுப்பை விரியும் பாதைக்கு வெளியே, கழுத்தைத் திருப்பாமலே பார்க்கக்கூடிய உயரத்தில் வைக்க வேண்டும். நேரடி வெயில் படும் இடத்தில் வைத்த பேசி நண்பகலில் சூடேறித் திரையை மங்கலாக்கும், சில சமயம் மின்னேற்றத்தையும் நிறுத்திவிடும். ஏசிக் காற்று வரும் வாய்க்கருகே வைத்தால் இந்தத் தொல்லை குறையும். மட்டமான மின்னேற்றிகள் ஜிபிஎஸ் வரவேற்பைக் கெடுப்பதும் உண்டு. செயலி காட்டும் இடம் சாலையை விட்டு வயலுக்குள் தாவிக்கொண்டிருந்தால், முதலில் மின்னேற்றியைப் பிடுங்கிப் பாருங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை 12 வோல்ட் துளையே போதும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அந்தத் துளைக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும். உங்கள் கார் அந்த வகையா என்று ஒருமுறை சோதித்துவிட்டால், காலையில் பேட்டரி தளர்ந்து நிற்பதைத் தவிர்க்கலாம்.

இணைத்தல்

செயலியை நிறுவி, கணக்குத் தொடங்கி, கருவிக்கு மின்சாரம் கொடுத்த பின், பேசியின் புளூடூத்தை இயக்குங்கள். இந்த இடத்தில் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒலிபெருக்கியை இணைக்கும் பழக்கத்தில், பேசியின் புளூடூத் பட்டியலைத் திறந்து அங்கே கருவியின் பெயரைத் தேடுகிறார்கள். குறைந்த ஆற்றல் புளூடூத்தில் இயங்கும் பல கருவிகளை அங்கிருந்து இணைக்கக் கூடாது. செயலிக்குள் இருக்கும் ‘கருவியைச் சேர்’ என்ற பகுதியிலிருந்தே இணைக்க வேண்டும். சில கருவிகளை இணைப்பு நிலைக்குக் கொண்டுவர, ஒரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். எந்தப் பொத்தான் என்பது கையேட்டில் இருக்கும். பொதுவாகக் கருவி ஒரு நேரத்தில் ஒரு பேசியோடுதான் பேசும் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் இன்னொருவரின் பேசியில் இதே செயலி இருந்து, அவரும் காரில் ஏறினால், யாருடைய பேசி முந்துகிறதோ அதுவே கருவியைப் பிடித்துக்கொள்ளும். ‘நேற்று வரை இணைந்தது, இன்று இணையவில்லை’ என்ற புகாருக்கு இது ஒரு சாதாரணக் காரணம்.

இணைந்தவுடன் செயலி வரிசையாக அனுமதிகளைக் கேட்கும். ஆண்ட்ராய்டு 12 முதல் அருகிலுள்ள கருவிகளைத் தேடுவதற்கென்று தனி அனுமதி இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இருப்பிட அனுமதி இல்லாமல் புளூடூத் தேடலே நடக்காது. இருப்பிட அனுமதியைப் பொறுத்தவரை, செயலியைத் திரையில் வைத்திருக்கும்போது மட்டும் என்று கொடுத்தால், நீங்கள் வழிகாட்டும் வரைபடத்துக்கு மாறியவுடன் இது உறங்கிவிடக்கூடும். பின்னணியிலும் இயங்க வேண்டுமானால் ‘எப்போதும்’ என்ற அனுமதி தேவைப்படும். அதைக் கொடுக்கத் தயங்குவது நியாயம்தான், ஏனென்றால் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதை நாள் முழுவதும் அறியும் உரிமையை ஒரு செயலிக்குக் கொடுக்கிறீர்கள். கார் நின்றதும் செயலியை முழுமையாக மூடிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. வேண்டாத பகிர்தல்களை அமைப்புகளில் அணைத்தும் வைத்திருக்கிறேன்.

ஆண்ட்ராய்டு பேசிகளில் பேட்டரியைச் சேமிக்கும் ஏற்பாடு பின்னணிச் செயலிகளைச் சொல்லாமல் கொல்லும். பேட்டரி அமைப்புகளில் இந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்குச் செயலி சரியாக இணைந்து, அரை மணி நேரம் ஓடி, பிறகு ஓசையில்லாமல் நின்றுபோகும். எச்சரிக்கை வராததைச் சாலை அமைதியாக இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒலி

காரின் ஒலியமைப்போடு பேசியும் புளூடூத்தில் இணைந்திருந்தால், செயலியின் குரல் பேசியின் ஒலிபெருக்கியில் வராமல் காருக்குப் போகும். காரில் அப்போது வானொலி ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் குரல் யாருக்கும் கேட்காமல் போய்விடும். நான் ஏறத்தாழ ஒரு மாதம் இப்படித்தான் ஓட்டினேன். டிடெக்டரின் சொந்தக் கூவல் கேட்டுக்கொண்டிருந்ததால், செயலி சொன்ன கேமரா எச்சரிக்கைகள் எதுவும் என் காதுக்கு எட்டவில்லை என்பதே தெரியவில்லை. இதற்குத் தீர்வாகச் செயலியின் ஒலி அமைப்பில் குரலைப் பேசியின் ஒலிபெருக்கிக்கே திருப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காரின் ஒலிமூலத்தைப் புளூடூத்திலேயே வைத்துப் பாடல்களையும் பேசி வழியாகவே கேளுங்கள். புளூடூத் ஒலி சற்றுத் தாமதமாகவே வரும் என்பதால், ரேடார், லேசர் எச்சரிக்கைகளைக் கருவியின் சொந்த ஒலியிலும், கேமரா, பிற ஓட்டுநர்களின் செய்திகள் ஆகியவற்றைச் செயலியின் குரலிலும் பிரித்து வைப்பது எனக்கு நன்றாகப் பொருந்தியிருக்கிறது. எந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று திரையைப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

திரையைப் பார்க்காமல் இருப்பது சிறிய விஷயமல்ல. 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 56 மீட்டரைப் பார்க்காமல் கடந்திருப்பீர்கள். எல்லா அமைப்புகளையும் வண்டி நிற்கும்போதே செய்து முடித்துவிட்டு, ஓடும்போது கருவியின் ‘ஒலியடக்கு’ பொத்தானைத் தவிர வேறு எதையும் தொடாமல் இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

அமைதியைக் கற்றுக்கொடுத்தல்

முதல் நாளில் செய்ய வேண்டிய அமைப்புகள் மூன்று. உங்கள் பகுதியில் எக்ஸ் பேண்ட் ரேடார் வழக்கில் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அதை அணைத்துவிடுங்கள். கதவுகளால் வரும் கூவலில் ஒரு பங்கு அப்போதே போய்விடும். அடுத்து, குறைந்த வேகத்தில் ஒலியை அடக்கும் வசதியை இயக்குங்கள். மணிக்கு 30 அல்லது 40 கிலோமீட்டருக்குக் கீழே போகும்போது கருவி ஒளியில் மட்டும் காட்டும், கத்தாது. மூன்றாவது, பார்வைக்கு எட்டாத பக்கங்களில் வரும் வண்டிகளை உணர்வதற்காகப் பல கார்களின் பின்மூலைகளில் இருக்கும் ரேடார்களை வடிகட்டும் வசதி. அவற்றில் பல 24 கிகாஹெர்ட்ஸில், அதாவது காவலரின் கே பேண்டுக்குள்ளேயே இயங்குகின்றன. புதிய கார்களில் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரையிலான உணரிகள் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை மெல்லக் குறையும். டிடெக்டர்கள் அந்த உயரத்தைக் கேட்பதில்லை.

வடிகட்டி எல்லாவற்றையும் பிடித்துவிடாது. நான் கருவி பொருத்திய முதல் வாரத்தில், விரைவுச்சாலையில் கே பேண்ட் எச்சரிக்கை ஒன்று ஏறுவதும் இறங்குவதுமாக என்னைத் தொடர்ந்துகொண்டே வந்தது. வேகத்தைக் குறைத்தேன், அதுவும் அடங்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், காவலர் யாருமில்லை. பத்து நிமிடப் பதற்றத்துக்குப் பிறகுதான் முன்னால் வலத்தடத்தில் போன காரின் மீது சந்தேகம் விழுந்தது. அது வெளியேறும் பாதையில் பிரிந்து போனதும் ஒலியும் அதனுடனேயே போய்விட்டது. இடத்தோடு ஒட்டாமல் வண்டியோடு நகரும் சமிக்ஞை என்ற அடையாளத்தை அன்றைக்குப் பிறகு நான் மறந்ததில்லை.

இடத்தோடு ஒட்டிய சமிக்ஞைகளைத்தான் செயலியோ கருவியின் ஜிபிஎஸோ பூட்டி வைக்க முடியும். பூட்டுவது என்றால், இந்த இடத்தில் இந்த அதிர்வெண் வந்தால் ஒலிக்காதே என்று நினைவில் பதிப்பது. பல செயலிகளும் கருவிகளும் ஒரே இடத்தில் ஒரே அதிர்வெண்ணைப் பல முறை கேட்ட பின் தாமாகவே பூட்டிக்கொள்ளும். தினமும் ஒரே வழியில் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வாரத்தில் அந்த வழி அமைதியாகிவிடும். கையாலும் பூட்டலாம். ஆனால் ஒரு சமிக்ஞையை நீங்களாகப் பூட்டுவதற்கு முன், அதை வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு நேரங்களில், குறைந்தது மூன்று முறையாவது கேட்டிருக்க வேண்டும். அதோடு அது எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். தானியங்கிக் கதவு காலையிலும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதே இடத்தில் அதே அதிர்வெண்ணில் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அருகே வரும் கே பேண்ட் கதவாக இருக்க வாய்ப்பில்லை.

கேஏ பேண்டைப் பூட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அங்கே பொய்யான எச்சரிக்கைகள் அரிது. வருபவற்றில் சில, அருகில் செல்லும் மற்றொரு காரின் மட்டமான டிடெக்டர் கசியவிடும் அலைகள். கேட்கும் கருவிக்குள்ளும் ஒரு சிறு அலையாக்கி இயங்குவதால் அது சற்றே கசிகிறது. டிடெக்டர் தடைசெய்யப்பட்ட இடங்களில் காவலர்கள் டிடெக்டரையே கண்டுபிடிக்கும் கருவிகளை வைத்திருப்பது இந்தக் கசிவை நம்பித்தான்.

எச்சரிக்கை வந்தால்

முதலில் செய்யக் கூடாதது, பிரேக்கை ஓங்கி மிதிப்பது. பின்னால் வருபவருக்கு உங்கள் கருவியின் ஒலி கேட்காது. முடுக்கியிலிருந்து காலை எடுத்து, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, வேகமானியை அந்தச் சாலையின் வரம்போடு ஒப்பிடுங்கள். வேகமானியும் செயலியும் வேறுவேறு எண்களைக் காட்டுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குமுறைப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் வரை கூட்டிக் காட்டலாம். ஆகவே சீரான சாலையில் ஜிபிஎஸ் காட்டும் எண் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும், சுரங்கப்பாதையிலும் அது பின்தங்கும்.

மெல்லத் தொடங்கி, நெருங்க நெருங்க ஏறும் கேஏ சமிக்ஞை, தொடர்ந்து இயங்கும் ரேடாருக்கான அடையாளம். ஒரே ஒரு நொடி வந்து மறையும் கேஏ எச்சரிக்கையை இன்னும் கூடுதலாக மதிக்க வேண்டும்: காவலர் ரேடாரை அணைத்து வைத்திருந்து, குறிப்பிட்ட வண்டி வரும்போது மட்டும் இயக்கியிருக்கலாம், அந்த வண்டி உங்களுக்கு முன்னால் போயிருக்கலாம். அடுத்தது நீங்களாக இருக்கக்கூடும். லேசர் எச்சரிக்கைக்கு அந்த அவகாசமும் இல்லை. அதன் கற்றை 300 மீட்டர் தொலைவிலும் ஏறக்குறைய 1 மீட்டர் அகலமே விரிவதால், அது உங்கள் கருவியில் படும்போது பெரும்பாலும் உங்கள் காரையே குறிவைத்திருக்கும், வேகமும் ஒரு நொடிக்குள் அளக்கப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில், சற்று முன்பு அங்கே கடந்தவர் செயலியில் விட்டுச் சென்ற குறிப்பு கருவியைவிடப் பயன்படும்.

பிற ஓட்டுநர்களின் குறிப்புகளைப் படிக்கும்போது எப்போது போடப்பட்டது என்பதைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு முந்தைய குறிப்புக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தைய குறிப்புக்கும் ஒரே மதிப்பு இல்லை. ஓட்டுநர்கள் சாலைச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ளும் வேஸ் போன்ற செயலிகளில் ஆள்நடமாட்டம் மிகுந்த சாலைகளில் குறிப்புகள் உடனுக்குடன் திருத்தப்படும். ஆளில்லாத கிராமச் சாலையில் குறிப்பு இல்லாததற்கு அங்கே கடந்தவர் யாருமில்லை என்பதைத் தவிர வேறு பொருள் இருக்க வேண்டியதில்லை. டிடெக்டரோடு இணைந்த செயலிகளில் சில, கருவி கேட்டதைத் தாமாகவே பகிர்ந்துவிடும். அப்படி வரும் கே பேண்ட் குறிப்புகளில் கதவுகளும் கார்களும் கலந்திருக்கும் என்பதால் அவற்றைச் சற்றுத் தள்ளியே வைத்துப் பார்க்கலாம். நீங்கள் குறிப்பிட விரும்பினால், குரல் கட்டளை வழியாகவோ பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கொண்டோ செய்யுங்கள்.

பராமரிப்பு

கேமராப் பட்டியலும் கருவியின் மென்பொருளும் காலாவதியாகும் பொருள்கள். மாதம் ஒருமுறையாவது புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்த்து, வீட்டில் நிற்கும்போது வைஃபை இணைப்பில் செய்துவிடுங்கள். சில கருவிகளைப் பேசி வழியாகவே புதுப்பிக்கலாம். சிலவற்றைக் கம்பி போட்டுக் கணினியில் இணைக்க வேண்டும். புதுப்பிப்பு ஓடும்போது மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. புதுப்பித்த பின் அமைப்புகள் சில தொடக்க நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு என்பதால், அடுத்த பயணத்துக்கு முன் பேண்டுகளையும் ஒலியடக்கும் வேகத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய இடங்களைச் செயலி சேமித்துக் காக்கும் வசதி இருந்தால் புதுப்பிப்புக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். இணைப்பு அடிக்கடி அறுந்தால், செயலியை மூடித் திறப்பது, கருவியின் மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகுவது, பேசியை மறுதொடக்கம் செய்வது என்ற வரிசையில் முயலுங்கள். இவை எதற்கும் மசியாவிட்டால் மட்டும் செயலியிலிருந்து கருவியை நீக்கிப் புதிதாக இணையுங்கள்.

பூட்டிய இடங்களின் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும் பயன்தரும். கடை மூடப்பட்டு ஆறு மாதமாகியும் அதன் வாசல் பூட்டியே இருந்தால், அதே இடத்தில் அதே அதிர்வெண்ணுக்கு அருகில் நாளை வரும் உண்மையான ரேடாரும் வாயடைக்கப்பட்டுவிடும். கருவியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதோ காரோடு சேர்த்து விற்கும்போதோ, அதன் நினைவைத் தொடக்க நிலைக்குத் திருப்புங்கள். செயலியிலிருந்தும் அந்தக் கருவியை நீக்கிவிடுங்கள், ஏனென்றால் அந்தப் பட்டியலில் உங்கள் வீட்டு வாசலும் வேலைக்குப் போகும் வழியும் அப்படியே பதிந்திருக்கும்.